ஹர்லிங்கும் வெளியார் பாராட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூன் 7 அன்று நோலன் பார்க் மைதானத்தில், அயர்லாந்தின் பாரம்பரிய மட்டைப்பந்தாட்டமான ஹர்லிங்கில் கில்கென்னி, ஆஃபலி மாவட்ட அணிகள் மோதிய ஆட்டத்தை ஆட்டத்துக்காக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. கில்கென்னி ஐந்து கோல் போட்டுச் சுலபமாக வென்றது. அந்த நாள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் ஒளிபரப்பு. பிரிட்டனின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் நேரலையாகக் காட்டிய முதல் கேலிக் (ஐரிஷ் மரபு விளையாட்டுகளின்) சாம்பியன்ஷிப் ஆட்டம் அது. வேறு எதையோ தேடிச் சேனல் மாற்றிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்துவிட்டு ட்விட்டரில் வாய்பிளந்தார்கள். இது என்ன ஆட்டம், கையில் மட்டையோடு இப்படி மோதுகிறார்களே, இவர்களுக்குச் சம்பளம்கூடக் கிடையாதாமே என்கிற வகைப் பதிவுகள். ஐரிஷ் செய்தித் தளங்கள் உடனே அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தொகுப்புகளாகப் போட்டன. அவற்றைப் படித்தவர்களும் பகிர்ந்தவர்களும் பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள்.

ஆட்டத்தை வெளியாருக்குக் காட்டுவது ஒரு வேலை. வெளியார் வியந்ததை வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவது முற்றிலும் வேறு வேலை. அயர்லாந்தில் நூறாண்டுக்கும் மேலாக முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதே நடந்துவருகிறது என்பது இந்த ஆய்வின் வாதம்.

ஆட்டத்தின் அமைப்பு

ஹர்லிங் அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மர மட்டை. ஸ்லிட்டர் என்னும் தோல் பந்து 110 முதல் 120 கிராம் எடை, சுமார் 7 சென்டிமீட்டர் விட்டம். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். கோல் கம்பங்கள் ஆங்கில எச் வடிவில் நிற்கும், இடைவெளி 6.5 மீட்டர், குறுக்குக் கம்பி 2.5 மீட்டர் உயரத்தில். கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. 2025 அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் டிப்பரரி கார்க்கை 3-27 என்று வென்றது. மூன்று கோல், 27 ஒற்றைப் புள்ளி, ஆக 36. அன்று டிப்பரரி பந்தைக் கம்பங்களுக்குள் அனுப்பிய முப்பது முறையில் 27 முறை அது குறுக்குக் கம்பிக்கு மேலேதான் போனது. பாஸ்டன் கதைக்கு வரும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

கேலிக் கால்பந்தும் இதே மைதானத்தில், இதே புள்ளிக் கணக்கில் தொடங்கிய ஆட்டம்தான். நாடு முழுவதும் அதிகம் ஆடப்படுவதும் அதுவே. இரண்டையும் நடத்துவது 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. கவுண்டி (மாவட்ட) அணிக்கு ஆடுபவர்கள் ஆசிரியர்கள், விவசாயிகள், தச்சர்கள், மாணவர்கள். ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. இறுதியாட்டத்துக்கு டப்ளின் க்ரோக் பார்க்கில் 82,000 பேர் கூடுவார்கள். உள்ளூரில் இவ்வளவு செல்வாக்குள்ள ஆட்டத்துக்கு ஒரு அந்நியனின் ட்வீட் எதற்கு என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

ஹர்லிங்மேல் அந்நிய ஆட்சியின் முதல் கருத்து தடையாகத்தான் வந்தது. 1366-இல் கில்கென்னி சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தை ஆடக்கூடாது என்றன. 1884-இல் மைக்கேல் குசாக்கும் மாரிஸ் டேவினும் சங்கத்தைத் தொடங்கியபோது அதே ஆட்டத்தை விக்டோரியா காலத்து ஆங்கில விளையாட்டுகளின் அச்சில் வார்த்தார்கள்: எழுதிய விதிகள், கிளைச் சங்கங்கள், ஆண்டுச் சாம்பியன்ஷிப். குசாக் தாமே ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடியவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எதிராளியின் கருவியைக் கொண்டுதான் எதிராளியிடமிருந்து தப்பிக்க முடிந்தது.

ஆனால் அளவுகோலும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஜி.ஏ.ஏ.வின் 27-ஆம் விதி, உறுப்பினர்கள் அந்நிய ஆட்டங்களை ஆடவோ பார்க்கவோ கூடாது என்றது. 1971 வரை அது நடைமுறையில் இருந்தது. எவையெல்லாம் அந்நிய ஆட்டம்? சாதாரணக் கால்பந்து (சாக்கர்), ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகிய நான்கு மட்டும். கோல்ஃபும் டென்னிஸும் கூடைப்பந்தும் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த உறுப்பினர் ரகசியமாக ரக்பி பார்க்கிறார் என்று கண்காணிக்கவே ஆட்களை அனுப்பினார்கள். 1938 நவம்பரில் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் டேலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்து, போலந்து கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அவர் ஐரிஷ் மொழிக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர், சங்கத்தின் புரவலர். அடுத்த மாதமே புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள்.

தடை விதித்தவர்களும் இன்று ட்வீட்டைத் தொகுப்பவர்களும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிவார்கள். இரு தரப்பும் பார்ப்பது இங்கிலாந்தின் முகத்தைத்தான். ஒருவர் முறைத்துப் பார்த்தார், மற்றவர் சிரிக்கிறதா என்று பார்க்கிறார்.

முன்னோடிப் பயணங்கள்

சங்கம் தொடங்கி நான்கே ஆண்டில், 1888-இல், சுமார் ஐம்பது தடகள வீரர்களும் ஹர்லிங் வீரர்களும் அமெரிக்கா போனார்கள். பழங்கால ஐரிஷ் விளையாட்டு விழாவான டெய்ல்டன் விழாவை மீட்க 5,000 பவுண்டு திரட்டுவது நோக்கம். வானிலை கைகொடுக்கவில்லை. அங்கே அது குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு, ஊரின் கவனம் வேறெங்கோ. போதாக்குறைக்கு இரண்டு அமெரிக்கத் தடகள அமைப்புகளின் சண்டைக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டார்கள். ஊர் திரும்ப, நில உரிமைப் போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட் 450 பவுண்டு கடன் கொடுக்க வேண்டிவந்தது. பலர் திரும்பவே இல்லை. அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள்.

டெய்ல்டன் விழா ஒருவழியாக 1924-இல், புதிய நாட்டின் முதல் பெரிய கொண்டாட்டமாக நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உலகப் பிரமுகர்களை அழைத்து விருந்து வைத்தார்கள். விருந்தினரில் நவநகர் ஜாம்சாகிப் ரஞ்சித்சிங்ஜியும் ஒருவர். தடைப்பட்டியலில் உள்ள கிரிக்கெட்டின் மாபெரும் நட்சத்திரத்தை அழைத்து ஐரிஷ் விளையாட்டுத் திருவிழாவைக் காட்டியதில் எந்த முரணும் அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

1947 செப்டம்பர் 14 அன்று அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதியாட்டத்தையே நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டான 1847-இன் நூற்றாண்டு நினைவு, புலம்பெயர்ந்தவர்களுக்கு மரியாதை, அமெரிக்காவில் ஆட்டத்துக்குப் புத்துயிர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அது பேஸ்பால் மைதானம்; பந்தெறியும் மேடு ஆடுகளத்துக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்தது. கேவன் 2-11, கெரி 2-7. கூட்டம் 35,000-ஐ ஒட்டி வந்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அமெரிக்காவில் ஆட்டம் அதனால் வளர்ந்துவிடவில்லை. மாறாக அயர்லாந்தில் அது புராணமாயிற்று, அதுவும் வானொலி வழியாக. மீஹால் ஓ'ஹெஹிர் வர்ணனை செய்துகொண்டிருந்தபோது அட்லாண்டிக் கடந்த இணைப்பின் வாடகை நேரம் தீரும் தறுவாயில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று நேரலையிலேயே அவர் கேட்டதை இன்றும் சொல்கிறார்கள். ஆட்டம் நடந்தது நியூயார்க்கில், அதன் விளைவு கேவனிலும் கெரியிலும்.

பாஸ்டனில் எதை வெட்டினார்கள்

2015 நவம்பரில் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் கால்வேயும் டப்ளினும் ஆடிய காட்சியாட்டம் இந்த வரிசையில் மிகத் தெளிவான சான்று. அதுவும் பேஸ்பால் மைதானம், முழு அளவு ஹர்லிங் களம் அங்கே அடங்காது. ஆகவே அணிக்கு 11 பேர். கம்பிக்கு மேலே போகும் புள்ளி கிடையாது. கோல் மட்டுமே கணக்கு. இடம் போதாமை ஒரு காரணம். இரண்டு விதமாகப் புள்ளி எண்ணுவது புதியவர்களைக் குழப்பும், கோல்தான் கண்ணுக்கு விருந்து என்ற கணிப்பு இன்னொன்று. கோல்களுக்குத் தந்த புள்ளிகளின் கணக்கில் கால்வே 50-47 என்று வென்றது.

இதில் போனது என்ன என்பதை டிப்பரரியின் 27-ஐ வைத்துப் பாருங்கள். ஹர்லிங்கின் தனித்திறனே தொலைவிலிருந்து, ஓடிக்கொண்டே, தோளில் ஒருவர் இடிக்கும்போது, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உயரத் தூக்கி அடிப்பது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோல்முகத்து நெரிசல். ஆட்டத்தின் பத்தில் ஒன்பது பங்கை வெளியே வைத்துவிட்டு எஞ்சியதற்குக் கைதட்டு வாங்கினார்கள். போதாததற்கு நடுவே அடிதடி மூண்டது. அமெரிக்காவில் பரவிய காணொலித் துண்டு அதுதான். புதியவர்களைக் கவர ஆட்டத்தைச் சுருக்கினால், அவர்கள் கண் ஆட்டத்தில் இல்லாத ஒன்றில் போய் நிற்கும் என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே கணித்திருக்கலாம்.

கேலிக் கால்பந்தையும் ஆஸ்திரேலியக் கால்பந்தையும் கலந்து ஆஸ்திரேலியாவோடு ஆடும் கலப்பு விதி ஆட்டம் வேறு வகை. 1967-இல் ஹாரி பெய்ட்செல் கூட்டிவந்த ஆஸ்திரேலிய அணி க்ரோக் பார்க்கில் அந்த ஆண்டுச் சாம்பியன் மீத்தைத் தோற்கடித்தது. மறு ஆண்டு மீத் ஆஸ்திரேலியா போய் ஐந்து ஆட்டத்தையும் வென்று வந்தது. 1984-இல் முறையான தொடர் பிறந்தது. பந்து ஐரிஷ் உருண்டை. ஆளைப் பிடித்துச் சாய்ப்பது ஆஸ்திரேலிய வழி. கோலுக்கு ஆறு, கம்பிக்கு மேலே மூன்று, பக்கவாட்டில் ஒன்று. பந்து ஒரு தரப்புக்கு, பிடி மறுதரப்புக்கு என்று பங்கு போட்டதில் இரண்டுக்கும் நடுவே வன்முறை புகுந்தது. 2006-இல் க்ரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னிலையில் ஐரிஷ் வீரர் கிரஹாம் ஜெராட்டி நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டார். 2007 தொடர் ரத்தானது.

இந்தத் தொடரை மட்டும் அங்கீகாரப் பசி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கேலிக் ஆட்டங்களில் கவுண்டிதான் உச்சம். அதற்கு மேல் நாட்டு அணி என்று ஒன்று இல்லை. ஒரு கேலிக் கால்பந்து வீரர் பச்சைச் சட்டை அணிந்து நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் இந்த ஒட்டுப்போட்ட ஆட்டம்தான் வழி. ஹர்லிங் வீரருக்கு ஸ்காட்லாந்தின் மட்டையாட்டமான ஷிண்டியோடு ஆடும் கலப்பாட்டம். ஒப்பிட எதிரி இல்லாத ஆட்டம் தன் உயரத்தைத் தானே அளக்க முடியாது. பாராட்டுத் தேடலுக்கான அமைப்பு ரீதியான காரணம் இது. இந்தத் தேடலை வெறும் மனக்குறையாக எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பாராட்டு தயாராகும் முறை

வெளியார் ஐரிஷ் ஆட்டத்தைப் பார்த்து வியக்கும் இன்றைய காணொலிகளில் சில பாகங்கள் மாறுவதே இல்லை. முதலில் ஆட்டத் தேர்வு. அது எப்போதும் ஹர்லிங். கேலிக் கால்பந்து ரக்பியையும் கால்பந்தையும் நினைவூட்டும், ஆகவே வியப்பு குறைவு. ஹர்லிங்கின் பெண்கள் வடிவமான கமோகி அநேகமாக வராது. அடுத்து துண்டுத் தேர்வு: தலைக்கவச உரசல், மட்டை முறிவு, 80 மீட்டர் அடி. ஆட்டத்தின் நடுப்பகுதித் தொய்வு, தவறிய அடிகள், நடுவரின் விசில் ஆகியவை கத்தரிக்குப் போகும். பிறகு ஆள் தேர்வு. அவர் பெரும்பணம் புழங்கும் வேறு ஆட்டத்திலிருந்து வரவேண்டும். 2017-இல் ஏ.ஐ.பி. வங்கி, ஸ்கையின் ஆங்கிலக் கால்பந்து முகங்களான ஜெஃப் ஸ்டெல்லிங்கையும் கிறிஸ் கமாராவையும் அயர்லாந்து முழுக்கச் சுற்றவிட்டு க்ரோக் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தியது. விளம்பரம் கொடுத்தது ஐரிஷ் வங்கி, பார்க்க வேண்டியவர்கள் அதன் ஐரிஷ் வாடிக்கையாளர்கள். கடைசியாக ஒரு வசனம் கட்டாயம் வரும்: திங்கட்கிழமை இவர்கள் வேலைக்குப் போவார்களா?

அரசியல் விருந்தினருக்கும் இதன் சிறு வடிவம் உண்டு. 2011 மே மாதம் பிரதமர் எண்டா கென்னி ஒபாமாவின் கையில் ஹர்லிங் மட்டையைக் கொடுத்தார். 2012 பிப்ரவரியில் அப்போது சீனத் துணைத் தலைவராக இருந்த ஷி ஜின்பிங் க்ரோக் பார்க்கில் கேலிக் பந்தை உதைத்தார். படம் உலகம் சுற்றியது. இதோடு 2011 மே 18 அன்று எலிசபெத் அரசி க்ரோக் பார்க் வந்ததையோ, 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி அங்கே ஆடி 43-13 என்று தோற்றதையோ சேர்த்துக் குழப்பக் கூடாது. 1920 நவம்பர் 21 அன்று அந்த மைதானத்தில் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் அவர்களில் ஒருவர். அந்த இரு வருகைகளிலும் கேள்வி ஹர்லிங் நன்றாயிருக்கிறதா என்பதல்ல. அவை வரலாற்றுக் கணக்குத் தீர்த்தவை.

இத்தகைய பாராட்டை மதிப்பிடச் சில எளிய கேள்விகள் போதும். பாராட்டியவர் எத்தனை நிமிடம் பார்த்தார்? அடுத்த வாரமும் பார்த்தாரா? பாராட்டு எந்த நாட்டில் வெளியானது, எந்த நாட்டில் படிக்கப்பட்டது? அதற்காக யாராவது ஏதாவது விலை கொடுத்தார்களா?

விலை

ஸ்கை விஷயத்தில் விலை கொடுத்தவர்கள் ஐரிஷ் பார்வையாளர்கள். 2014 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 14 சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் ஸ்கைக்கு மட்டும். அதுவரை இலவசமாகக் காட்டிய டிவி3 உரிமையை இழந்தது. வெளிநாட்டு ஐரிஷ் மக்களுக்கு ஆட்டம் போய்ச்சேரும் என்பது சங்கத்தின் முக்கிய நியாயம். கிராமத்து முதியவர் சந்தா கட்ட வேண்டுமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. 2022-இல் ஸ்கை விலகியது. சந்தா முறை விலகவில்லை. 2023-இல் முக்கியமான ஹர்லிங் ஆட்டங்கள் இணையக் கட்டணச் சேவையில் அடைபட்டபோது விவகாரம் நாடாளுமன்றக் குழு வரை போனது.

உண்மையான வெளி அங்கீகாரம் வேறு உருவில் வருகிறது, அப்போது அதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆஸ்திரேலிய அணிகள் கேலிக் கால்பந்து வீரர்களைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்கின்றன. டப்ளினின் ஜிம் ஸ்டைன்ஸ் 1991-இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உயரிய பிரவுன்லோ பதக்கம் வென்றார். கெரியின் டைக் கெனலி சிட்னியோடு 2005 பட்டம் வென்று, ஊர் திரும்பி 2009-இல் அகில அயர்லாந்தும் வென்றார். 2024 பருவத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணிகளில் 30-க்கும் மேற்பட்ட ஐரிஷ் வீராங்கனைகள் இருந்தார்கள். திறமையை மதித்துக் காசு கொடுக்கிறார்கள் என்றால் இதைவிடப் பெரிய ஒப்புதல் கிடையாது. ஊரில் எழும் குரல் மட்டும் புலம்பல்: எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், தேடப்பட்ட பாராட்டு செலவில்லாத வகைப் பாராட்டுதான் என்பது தெரியும்.

யுனெஸ்கோவிலும் இதே நிலை. 2018 நவம்பரில் ஹர்லிங் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதை உலகின் தலைசிறந்த ஆட்டம் என்ற சான்றிதழாகப் படித்தவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் எதையும் எதோடும் ஒப்பிடுவதில்லை. அரசு விண்ணப்பிக்க வேண்டும், சமூகத்தின் ஒப்புதலையும் பாதுகாப்புத் திட்டத்தையும் காட்ட வேண்டும், பிறகு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதாவது அது ஒரு கடமைப் பத்திரம். ஐந்தே ஆண்டில், 2023 இறுதியில், ஃபெர்மனா, லாங்ஃபர்ட், லவுத், கேவன், லீட்ரிம் ஆகிய ஐந்து கவுண்டிகளைத் தேசிய ஹர்லிங் லீக்கிலிருந்து எடுத்துவிடும் யோசனை ஜி.ஏ.ஏ.வுக்குள் எழுந்தது, அங்கே ஹர்லிங் கிளப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பணத்தைக் கவுண்டி அணியைவிடக் கிளப்புகளில் போடலாம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். மட்டைக்கான ஆஷ் மரத்தின் நிலையும் மோசம். 2012-இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் மரங்களை அழித்துவருகிறது. மட்டைக்கு வேண்டியது வேர் வளைந்து தண்டில் சேரும் அடிப்பாகம். அந்த வளைவில்தான் மரநார் மட்டையின் முகத்தோடு சேர்ந்து ஓடும், அடி தாங்கும். ஆகவே மூங்கில் மட்டை சந்தைக்கு வந்துவிட்டது. யுனெஸ்கோச் செய்தியைப் பகிர்ந்த வேகத்தில் இதைப் பகிர்ந்தவர்கள் குறைவு.

வெளிப்பார்வை எப்போதும் வெற்று அலங்காரம் என்று சொல்ல வரவில்லை. கமோகியில் பாவாடை போன்ற ஸ்கார்ட் கட்டாயம் என்ற விதியை மாற்றும் முயற்சி 2024-இல் தோற்றது. 2025 மே 3 அன்று டப்ளின், கில்கென்னி வீராங்கனைகள் சாதாரண ஷார்ட்ஸில் களமிறங்க, உடையை மாற்றாவிட்டால் ஆட்டம் இல்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போனது. மே 22 சிறப்பு மாநாட்டில் 98 சதவீத வாக்கோடு விதி மாறியது. போராடியவர்கள் வீராங்கனைகள், வெற்றியும் அவர்களுடையது. ஆனால் உலகம் பார்க்கிறது என்ற கூச்சமும் ஒரு கை கொடுத்திருக்கும். பாராட்டுக்கு ஏங்கும் அமைப்பைக் கூச்சத்தாலும் நகர்த்தலாம்.

கேட்கப்படாத வெளியார்

வெளியாரின் கருத்து உண்மையிலேயே வேண்டுமென்றால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பிரான்சின் பிரெட்டனியிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் கேலிக் கால்பந்துக் கிளப்புகள் இருக்கின்றன. ஆடுபவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள், ஐரிஷ் வம்சமல்ல. ஜி.ஏ.ஏ. உலகப் போட்டிகளில் அயர்லாந்தில் பிறக்காதவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2023 ஏப்ரலில் நியூயார்க் அணி, அங்கேயே பிறந்தவர்களும் கலந்த அணி, மேற்கு அயர்லாந்து மாகாணமான கொனாக்டின் சாம்பியன்ஷிப்பில் லீட்ரிமைப் பெனால்டியில் சாய்த்து முதல் வெற்றி கண்டது.

இவர்களின் சிக்கல்கள் வெறும் நடைமுறை. ஐரோப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் ரக்பி மைதானம்: 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், கம்ப இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி 3 மீட்டரில். கேலிக் களத்தைவிடச் சிறியது. கம்பம் குறுகல், கம்பி உயரம். கோல் வலையைத் தனியாகக் கட்ட வேண்டும். பதினைந்து பேர் நின்றால் நெரிசல், அவ்வளவு பேர் கிடைப்பதும் அரிது, ஆகவே அணிக்கு பதினொருவர் அல்லது ஒன்பது பேர். ஃபென்வேயிலும் ஆளைக் குறைத்தார்கள்தான். ஆனால் பிரெட்டனியின் ரென் நகரத்துக்காரர்கள் புள்ளியை வெட்டவில்லை. குறுகலான கம்பத்துக்கு நடுவே மேலே அடிக்கப் பழகிக்கொள்கிறார்கள்.